நெட்டியம்பாறையில் மாவு பொங்காத நாட்கள்

நெட்டியம்பாறையில் இட்லி மாவு பொங்காமல் கிடந்த அந்த நாற்பத்திரண்டு நாட்களைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு நாளிலிருந்து தொடங்குவார்கள். மாடு வைத்திருப்பவர்கள் மாடு அசைபோடுவதை நிறுத்திய நாளிலிருந்தும், மீன்கடைக்காரர்கள் ஈ வராமல் போன நாளிலிருந்தும், மாவு விற்கும் லூர்து அக்கா கிரைண்டரை நிறுத்திவிட்டு நடுத்தெருவில் வந்து நின்று மாரிலடித்துக்கொண்ட நாளிலிருந்தும் சொல்லுவார்கள். கல்லூரி ஆய்வகத்தில் பதினேழு வருடமாகக் கண்ணாடித் தட்டு கழுவும் செங்கமலத்துக்கு மட்டும் அது ஒரு தட்டிலிருந்து, அந்தத் தட்டின் மேல் தப்பாகப் போய் உட்கார்ந்த ஒரு மூடியிலிருந்து தொடங்குகிறது.

பாறைக்கு மேற்கே மேட்டில் இருக்கும் அந்தக் கல்லூரியில் ஆராய்ச்சி என்றால் ஒன்றுதான். இலையைப் பறித்து வேகவைத்து, வடிகட்டிய சாற்றில் வெள்ளி உப்புக் கரைசலை ஊற்றி வெயிலில் வைப்பார்கள். வெளிர்மஞ்சளாக இருந்தது கொஞ்ச நேரத்தில் டிக்காஷன் நிறத்துக்குத் திரும்பினால், கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் அதற்குள் பிறந்துவிட்டன என்று அர்த்தம். அதில் தோய்த்த பொட்டளவு காகிதத்தைக் கிருமி பரப்பிய தட்டின் நடுவில் வைத்து மூடினால், மறுநாள் காகிதத்தைச் சுற்றிக் கிருமி முளைக்காத ஒரு வளையம் தெளிந்து நிற்கும். வளையத்தை ஸ்கேல் வைத்து அளந்து எழுதினால் ஒரு கட்டுரை. வேம்பில் ஒருத்தர், துளசியில் ஒருத்தர், குப்பைமேனியில் மூன்று பேர் என்று ஊரிலுள்ள செடிகளையெல்லாம் கரைத்து ஊற்றி டாக்டர் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். பேராசிரியர் தவமணியிடம் ஆறாவது வருடமாக ஆராய்ச்சியில் இருந்த இர்ஷாத்துக்கு மிஞ்சியது, வேலியோரத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காமல் முளைத்துக் கிடந்த நாற்பத்தோரு செடிகள்தான்.

அந்த நாற்பத்தோரு தட்டுகளிலும் பரப்பியிருந்தது செங்கமலத்தின் புருஷன் வீரபத்திரனின் கால் புண்ணிலிருந்து எடுத்த கிருமி. மினி பஸ் டிரைவர் வீரபத்திரன், சர்க்கரைக்காரர், வலது காலில் ஏறிய ஆணி ஏறியதே தெரியாமல் மூன்று நாள் பிரேக் மிதித்தவர். எட்டு மாதமாகப் புண் ஆறவில்லை, எந்த மருந்துக்கும் மசியவில்லை, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் கறுத்துவிட்டன. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஜெபக்கனி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்று நாளும் குறித்துவிட்டார். பரிசோதனைக்கு எடுத்த பஞ்சில் ஒரு துணுக்கை டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கி, குழாயில் போட்டு, சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்து வந்தாள் செங்கமலம்.

“தம்பி, எது எதையோ வளத்து வளத்துக் கொல்றீங்க. இதையும் ஒரு கை பாருங்களேன்.”

இர்ஷாத் பார்த்தான். ஆனால் செடியின் பெயரைத் தட்டின் அடியில் எழுதாமல் மூடியில் எழுதினான். மூடி கழன்று மாறும், அடி மாறாது என்று பதினேழு வருடமாக வருகிற போகிற எல்லோரிடமும் செங்கமலம் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொன்ன ஒரே விஷயம் அது. மூடிகளில் வேர்த்திருந்த நீரை உதற அவன் நாற்பத்தொன்றையும் கழற்றி மேசையில் பரப்பினான், டீ வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள், அள்ளி மூடிவிட்டுப் போனான்.

மறுநாள் நாற்பது தட்டில் வழக்கம்போல் சுண்டைக்காய் அளவு வளையம். ஒன்றில் வளையத்துக்கு ஓரமே இல்லை. தட்டு முழுக்கத் துடைத்துவிட்டதுபோல் தெளிந்திருந்தது. அதற்கு மறுநாள் பக்கத்துத் தட்டுகளும் தெளிந்தன. மூன்றாம் நாள் தட்டுகள் இருந்த பெட்டி தெளிந்தது. நான்காம் நாள் கேன்டீனில் தயிர் உறையவில்லை, விடுதிக் கழிப்பறை மணக்கவில்லை, பரிமாறியவர் முந்தாநாள் சாம்பாரை முகர்ந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கெட்டுப்போகாததற்காகவே பயந்து கீழே ஊற்றினார்.

மூடியில் நெருஞ்சி என்று எழுதியிருந்தது. நெருஞ்சியை மறுபடி வேகவைத்தார்கள், சுண்டைக்காய் வளையம். மற்ற நாற்பதையும் வேகவைத்தார்கள், நாற்பது சுண்டைக்காய். எந்தச் செடியின் சாறு அந்தத் தட்டில் இருந்தது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. தவமணி மேடம் அந்தத் தட்டைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தொலைக்கும் வழக்கம் தனக்கு உண்டென்பதால் செங்கமலத்திடம் கொடுத்தார். “சனிக்கிழமை கிருமி சாக எல்லாத் தட்டையும் அவிச்சிருவே. இதை மட்டும் விட்டுரு. எந்தச் செடின்னு தெரியிற வரைக்கும்.”

செங்கமலம் சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டாள்.

வளையம் ஒரு நாளைக்கு எண்பது தப்படி நடந்தது. மேட்டிலிருந்து இறங்கி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, சந்தைக்குள் நுழைந்து, ஒன்பதாம் நாள் காலை செங்கமலத்தின் தெருவுக்கு வந்தது. அவள் வீரபத்திரனின் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். எட்டு மாதமாக மூக்கைச் சுருக்காமல் மூச்சடக்கக் கற்றிருந்த அவள், பழக்கத்தில் மூச்சை அடக்கி, பிறகு மெல்ல விட்டு, மறுபடி இழுத்தாள். நாற்றம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் திரும்பி வந்துவிடுமோ என்று.

டாக்டரம்மா வெட்டுவதைத் தள்ளிப்போட்டார். ஒரு வாரம், இன்னொரு வாரம். “இந்த வளையம் புண்ணை ஆத்தாது, வீரபத்திரன். அழுகவிடாம பிடிச்சு வச்சிருக்கு, அவ்வளவுதான். ஆத்த வேண்டியது உங்க ஒடம்பு. சர்க்கரையைக் குறைங்க.”

“குறைச்சுட்டேன் டாக்டரம்மா. டீக்கடைப் பக்கமே போறதில்ல.”

“பணியாரம்?”

“பணியாரம் எங்க இருக்கு? ஊர்லயே மாவு புளிக்கல.”

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், பெய்யாத மழையையும் நேரத்துக்கு வராத பஸ்ஸையும் எடுத்துக்கொள்வதுபோலத்தான் எடுத்துக்கொண்டது. நான்கு நாள் வியந்தார்கள், ஐந்தாம் நாள் வழி பார்த்தார்கள். சாயங்காலம் மாவரைத்த கையோடு பெண்கள் குண்டான்களைத் தூக்கிக்கொண்டு மினி பஸ் ஏறி, வளையத்துக்கு வெளியே புளியந்தோப்பில் வரிசையாக வைத்து, மூடிமேல் கல் ஏற்றி, காலையில் போய்ப் பொங்கினதை எடுத்து வந்தார்கள். வளையம் நடக்க நடக்கத் தோப்பும் தூரமாகிக்கொண்டே போனது. தினமும் காலை இர்ஷாத் ஊரைச் சுற்றி நடந்து, பால் திரிகிற இடத்தையும் திரியாத இடத்தையும் பார்த்து, கபடி மைதானத்துக்குப் போடுவதுபோல் சுண்ணாம்பில் கோடு இழுத்தான். கோட்டுக்கு உள்ளே நிலம், வெளியே நிலம் என்று பத்திரக்காரர்கள் பிரித்துப் பேசினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், பொண்ணு உள்வளையமா வெளிவளையமா என்று கேட்டார்கள். சாக்கடை பன்னீர்போல ஓடியது. செத்த எலி பத்து நாளாகச் செத்த அன்றைய முகத்தோடேயே கிடந்தது. ஆறாத புண்ணோடு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து பள்ளிக்கூட வராண்டாவிலும் ரேஷன் கடை வாசலிலும் பாய் விரித்தார்கள். கட்டைப் பிரித்து வெயிலில் காலை நீட்டிப் படுத்திருந்த அவர்களைச் சுற்றிக்கொண்டுதான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

ஆனால் யாராலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. களையெடுக்கப் போகிறவர்கள் தூக்குவாளியைத் திறந்து, பழைய சோறு புளிக்காமல் வெறும் தண்ணீரும் சோறுமாக முழிப்பதைப் பார்த்துவிட்டு மூடினார்கள். வயிறு எல்லோருக்கும் கல் வைத்ததுபோல் மந்தித்தது. மாடுகளைக் காலையும் மாலையும் கோட்டுக்கு வெளியே நடத்திக் கூட்டிப்போய் அசைபோடவைத்துக் கூட்டி வரவேண்டியிருந்தது. நாய்கள் தெருவை முகர்ந்து முகர்ந்து, சொந்தத் தெரு எதுவென்று தெரியாமல் கோட்டோரமாகவே ஓடிக்கொண்டிருந்தன. வேர்வைக்கு வாசம் இல்லாமல் போனதால், கொடியில் காயும் சட்டை யாருடையது என்று தெரியவில்லை. தொட்டில் பிள்ளைகள் யார் தூக்கினாலும் ஒரு நொடி சந்தேகமாய்ப் பார்த்துவிட்டு அழுதன.

“உன் சேலையில உன் வாசமே இல்ல, கமலம்,” என்றார் வீரபத்திரன். “ஜவுளிக்கடையில படுத்திருக்கிற மாதிரி இருக்கு.”

“காலு போகாம இருந்தாச் சரி. வாசத்தை வச்சு என்ன பண்ணப் போறீங்க?”

கல்யாண மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மாடு வைத்திருப்பவர்கள் தட்டை உடை என்றார்கள். பாய் விரித்துக் கிடந்தவர்களின் சொந்தக்காரர்கள் உடைக்கிற கையை உடைப்போம் என்றார்கள். லூர்து அக்கா நடுவில் எழுந்து, “எம் பொழப்பு போச்சு, அது தனி. ஆனா செங்கமலம் வீட்டுக்காரரு காலை வெட்டி நான் மாவு விக்கணுமா? எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கூட்டம் எதுவும் முடிவெடுக்காமல் கலைந்தது. போகிற வழியில் ஒவ்வொருவரும் செங்கமலத்தின் கழுத்துச் சாவியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள்.

முப்பத்தெட்டாம் நாள் டாக்டரம்மா புண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “அழுகல் மேல ஏறாம நின்னுருச்சு. ஆனா செத்த விரல் செத்ததுதான், அது திரும்பாது. அந்த மூணை மட்டும் இப்ப எடுத்துட்டா கால் தப்பிச்சிடும். கட்டை விரலும் பக்கத்து விரலும் இருக்கும்.”

“வளையம் இருக்கிற வரைக்கும் அவசரம் என்ன?” என்றார் வீரபத்திரன். “எட்டு மாசம் பொறுத்தாச்சு. மூணு விரல் இல்லாம பிரேக்கை எப்படி மிதிக்கிறது? லைசென்ஸ் குடுப்பானா? நான் காத்திருக்கேன்.”

செங்கமலமும் காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தாள்.

நாற்பதாம் நாள் காலை அவள் வீட்டில் தயிர் உறைந்தது.

தயிர் என்று அவள் ஊற்றி வைக்கவில்லை. நேற்றைய பால் மிச்சம், அடுப்பு மேடையில் சும்மா கிடந்தது. பாத்திரத்தைக் கழுவச் சாய்த்தபோது வழியவில்லை. கரண்டியை விட்டாள். கட்டி கட்டியாக, பளபளவென்று, ஓரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு, நாற்பது நாளாக அந்த ஊர் பார்க்காத தயிர். வாசலில் கோலப்பொடி வாங்க வந்த பெண் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், கால் மணி நேரத்தில் தெருவே டம்ளரோடு வந்து நின்றது. முன்னால் லூர்து அக்கா.

“ஒரு கரண்டி உறைமோர் குடு செங்கமலம். உன் வீட்டுல பிடிச்சது என் வீட்டுலயும் பிடிக்கட்டும்.”

செங்கமலம் பாத்திரத்தை முந்தானையால் மூடினாள். “இல்லக்கா.”

“என்ன இல்ல?”

“தர மாட்டேன்.”

லூர்து அக்கா டம்ளரைத் தாழ்த்தவில்லை. “வெளக்கு வச்ச பொறகா கேக்குறேன்? பட்டப்பகல்ல கேக்குறேன். உறைமோர் இல்லைன்னு சொன்ன வீடு இந்தத் தெருவுல உண்டாடி? அன்னைக்கு மண்டபத்துல உனக்காகத்தானே வாயை மூடிக்கிட்டு உக்காந்தேன்?”

“அதுக்காகத்தான் அக்கா தரமாட்டேங்குறேன்,” என்றாள் செங்கமலம். தயிரை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவைத்து, அது திரிந்து புகைந்து கருகும்வரை எல்லோர் முன்னாலும் நின்றாள். தெருவில் ஒருத்தி காறித் துப்பினாள். லூர்து அக்கா டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

செங்கமலம் மேட்டுக்கு ஓடினாள். பதினேழு வருடத்தில் அவள் கழுவிய ஆயிரமாயிரம் தட்டுகளில், வளையம் தெளிந்து கிடக்கையில், சில சமயம் நடுவே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி முளைத்திருக்கும். மருந்துக்கு நடுவிலேயே வாழக் கற்றுக்கொண்ட கிருமி அது. ஆராய்ச்சி மாணவர்கள் அதைக் கட்டுரையில் எழுத மாட்டார்கள். மேடத்துக்குக் காட்டாமல் அவளிடம் தட்டை நீட்டி, அக்கா அவிச்சிருங்க என்பார்கள். அவள் கழுத்துச் சாவியால் அலமாரியைத் திறந்தாள். காகிதத்துக்குப் பக்கத்தில், நாற்பது நாள் கண்ணாடிபோல் இருந்த இடத்தில், கடுகளவு.

இர்ஷாத் குனிந்து பார்த்தான். வெகுநேரம் நிமிரவில்லை.

“தம்பி, இந்தத் தட்டுல இருக்கிறது யாரோட கிருமி?”

“மாமாவோடது, அக்கா.”

“எங்க வீட்டு மோர்ல இருக்கிறது கத்துக்கிச்சு. தட்டுல இருக்கிறது கத்துக்கிச்சு. கால்ல இருக்கிறதுக்கு எத்தனை நாளாகும்?”

அவன் ஓடிப்போய் மேடத்தைக் கூப்பிட்டான். தவமணி மேடம் வந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். நாற்பது நாளாக அவரும் சரியாகத் தூங்கவில்லை. மேசையில் வேகவைத்த இலைகள் பச்சைக் களியாகக் குவிந்திருந்தன. “இன்னும் பத்து நாள் கிடைச்சா எந்தச் செடின்னு…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. ஜன்னல் வழியே தெரிந்த ஊரை, பள்ளிக்கூட வராண்டாவில் வரிசையாக நீட்டியிருந்த கால்களைப் பார்த்தார். “வளையம் இருக்கிற வரைக்கும் மத்ததெல்லாம் முளைக்காது, இது மட்டும்தான் வளரும். இது ஊரெல்லாம் பரவினா, இத்தனை பேர் புண்ணுலயும் இதுதான் உக்காரும். அப்புறம் வெள்ளியும் கேக்காது, எதுவும் கேக்காது.” பிறகு மெதுவாகச் சொன்னார்: “அவிக்கிறது உன் வேலை. எப்பன்னு நீயே சொல்லு.”

செங்கமலம் தட்டைத் துணியில் சுற்றி, தூக்குவாளியில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். வீரபத்திரன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் வைத்துத் துணியைப் பிரித்தாள்.

“இந்தப் புள்ளியைப் பாருங்க. உங்களுதுதான்.”

“மோருக்குப் பயந்து என் விரலை வெட்டச் சொல்றியா?”

“பாருங்க முதல்ல.”

பார்த்தார். தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கி, திருப்பி, மறுபடி பார்த்தார். இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன், ஆள் நடமாட்டமே இல்லாத ரோட்டில் தூரத்தில் அசையும் சின்னப் பொட்டு ஆடா, பிள்ளையா, காகிதமா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பழகியவர். ரொம்ப நேரம் பார்த்தார்.

“ரோடு காலியா இருக்குன்னு நினைச்சேன்,” என்றார்.

“நானும்தாங்க.”

“வெட்டிட்டா வளையம் இருக்குமா? புதுப் புண்ணு ஆறுற வரைக்குமாவது?”

இதற்குத்தான் அவள் பயந்துகொண்டு வந்தாள். ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. சாவி அவள் கழுத்தில்தான் இருந்தது. “நாளைக்கு விரலை எடுக்கட்டும். நாளன்னைக்கு சனிக்கிழமை. நான் அவிச்சிருவேன்.”

அவர் தட்டை அவளிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போதும் பேசவில்லை. டாக்டரம்மா மூன்று விரலை எடுத்து, சுத்தமான சதை தெரியும்வரை சுரண்டி, திறந்தே கட்டினார். வெளியே வந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே, “இனிமே தினமும் கழுவணும், தினமும் பாக்கணும். ஒரு நாள் விட்டாலும் நான் பொறுப்பில்ல,” என்றார்.

சனிக்கிழமை காலை அலமாரியைத் திறந்தபோது புள்ளி நிலக்கடலை அளவு இருந்தது. இன்னும் ஒரு வாரம், நாலு நாள், இன்றைக்கு ஒரு நாள் என்று அவளுக்குள் ஒருத்தி பேரம் பேசிக்கொண்டே இருந்தாள். செங்கமலம் அவளுக்குப் பதில் சொல்லாமல் பெரிய குக்கரில் தண்ணீர் ஊற்றி, தட்டை இறக்கி, மூடித் திருகினாள். வராண்டாவில் படுத்திருந்தவர்களில் நாலைந்து பேர் எப்படியோ தெரிந்து மேட்டேறி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். இர்ஷாத் அவர்களிடம் புள்ளியைப் பற்றிச் சொன்னான், திரும்பத் திரும்பச் சொன்னான். ஒரு பெண் மட்டும் கேட்டுக்கொண்டு, தன் தகப்பனாரை எப்போது டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகலாம் என்று கேட்டாள். ஆவி சீறியது. கால் மணி நேரம்.

வளையம் நடந்து வந்த வழியே திரும்பி நடக்கவில்லை. ஒரே மூச்சில் போய்விட்டது. பத்து மணிக்கு நெட்டியம்பாறையில் இருந்த எல்லா மாவும், நாற்பது நாள் காத்திருந்ததுபோல், ஒன்றாகப் பொங்கியது. குண்டான்களைத் தாண்டி, மேடையைத் தாண்டி, படியிறங்கித் தெருவில் வழிந்தது. சாக்கடை நாற்றம் எழுந்தது. எலி ஒரு மணி நேரத்தில் பத்து நாளையும் அழுகித் தீர்த்தது. ஈக்கள் எங்கிருந்தோ மேகம்போல் வந்தன. நாய்கள் ஒவ்வொன்றும் தன் தெருவுக்குள் ஓடிப்போய்த் தூணோரம் காலைத் தூக்கின. மூக்கைப் பொத்திக்கொண்டு ஊரே சிரித்தது. மதியம் லூர்து அக்கா ஒரு தட்டு இட்லியைச் செங்கமலத்தின் வாசற்படியில் வைத்துவிட்டு, “மோர் தராதவளுக்குச் சட்னி கிடையாது,” என்று உள்ளே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து செங்கமலத்துக்கு ஊரில் எந்த வாசம் வந்தாலும் திக்கென்றது. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை எடுத்துக்கொண்டு, கையைச் சோப்பு போட்டு முழங்கைவரை கழுவி, தினமும் காலை ஏழு மணிக்குக் கட்டிலடியில் உட்கார்ந்தாள். கட்டைப் பிரிக்குமுன் குனிந்து முகர்ந்தாள். முதல் நாள் ரத்த வாசம். மூன்றாம் நாள் மருந்து வாசம். ஐந்தாம் நாள் லேசாக ஏதோ, பழைய துணி நனைந்ததுபோல். அன்றைக்கே ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனாள், டாக்டரம்மா இன்னும் கொஞ்சம் சுரண்டினார். ஏழு, எட்டு, ஒன்பது. வீரபத்திரன் அவளோடு சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் மட்டும் பேசினார்.

பதினோராம் நாள் அவள் கட்டுத்துணியில் கைவைத்ததும், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “சொல்லு,” என்றார்.

அவள் பஞ்சைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒட்டியிருந்த துணியைச் சதை இழுபடாமல் மெல்ல மெல்ல எடுத்தாள். குனிந்து முகர்ந்தாள். வெந்நீர், சோப்பு, கொஞ்சம் வேர்வை. விளக்கைப் போட்டுப் பார்த்தாள். வெட்டுக்காயத்தின் ஓரத்தைச் சுற்றி, நகக்கண் அகலத்துக்கு, இளஞ்சிவப்பாகத் தோல் ஏறி வந்திருந்தது. நடுவில் இன்னும் பள்ளம்தான். அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை எடுத்தால் பின்வாங்கிவிடும் என்பதுபோல.

“நாளைக்கும் கழுவணும்,” என்றாள்.

அவர் காலை இழுத்துக்கொள்ளாமல் அவள் மடியிலேயே விட்டுவைத்தார்.